முப்பத்தேழு பேருக்கு மட்டும்

தாழைக்குறிச்சி கீழரத வீதியில் முப்பத்தேழு பேர் நடுரோட்டில் நின்றுபோனார்களே, அது யாரும் வைத்த செய்வினையும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்று கொடுத்த ஊர்வல அனுமதி ஐந்து மணிக்குத் தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை அது. முன்னால் வைக்க எடுத்த கால் முன்னால் போகவில்லை, சரி, திரும்பிப் போவோம் என்றால் பின்னாலும் போகவில்லை, செருப்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு வெறுங்காலும் தாரோடு ஒட்டிக்கொண்டது. உட்காரலாம், முழங்காலை மடக்கிப் படுக்கலாம், பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து அழலாம், உள்ளங்காலை மட்டும் தரையைவிட்டு ஒரு நூலளவு எடுக்க முடியாது. அங்கே நின்று பார்த்தால் தாலுகா ஆபீஸ் வாசல் வேப்பமரம் தெரியும். எட்டு நிமிஷ நடைதான் மிச்சம்.

அந்த நேரத்தில் ஐயம்பெருமாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். குக்கரும் கேஸ் அடுப்பும் ரிப்பேர் பார்க்கிறவன். ஊர்வலத்துக்கு மனுப் போட்டவன் அவன்தான். மனுப் போட்டவர் ஊர்வலம் முடிகிறவரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்துவிட்டால் அந்த நிமிஷமே அனுமதி ரத்து என்பது அந்த ஊர் விதி. அதனால் அவனுக்குப் பதிலாக அவன் பெண்டாட்டி பேராச்சி நடக்கப் போனாள், நாலரை மாசக் கர்ப்பத்தோடு. ஆஸ்பத்திரியில் பூட்டிப்போட்ட பிரசவ அறையைத் திறக்கச் சொல்லித்தான் ஊர்வலமே, அதில் வயிற்றுக்காரி ஒருத்திகூட இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள் என்று அவளே கேட்டாள்.

தப்பு எங்கே நடந்தது என்று ஐயம்பெருமாளுக்குத் தெரியும். கீழரத வீதியில் நடந்து வருகிறவர்கள் யாராக இருந்தாலும், சாமியோ மாப்பிள்ளையோ ஓட்டுக் கேட்கிற ஆளோ, ஒரு வீட்டு வாசலையும் பானகம் குடிக்காமல் கடக்கக் கூடாது. கடந்தால் அந்த வீட்டுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. வீதியில் நாற்பத்து மூன்று வாசல். இருபது நிமிஷ நடைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பது அங்கே பிறந்து வளர்ந்த எவனுக்கும் தெரியும். ஆனால் மனு எழுதும்போது ஸ்டேஷன் ரைட்டர் தவசிக்கனி ஏட்டையா, ஒரு மணி நேரத்துக்கு மேலே என்றால் மாவட்டத் தலைமை ஆபீஸுக்குப் போகணும், மாசக் கணக்காகும், நடை எவ்வளவு தூரம் என்று கேட்டார். இருபது நிமிஷம் என்றான் ஐயம்பெருமாள். அப்போது அவன் பானகத்தை நினைக்கவில்லை. இருபத்தாறாம் வாசல் சொம்பு கைமாறிக்கொண்டிருந்தபோது மணி ஐந்தாயிற்று.

முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் வாரத்தில் பார்க்க வருகிறவர்கள் நின்றுபோய், வேண்டியதைக் கொண்டு வருகிறவர்கள் மட்டும் வந்தார்கள். நகராட்சி அவர்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது, பஸ் வடக்கு வீதி வழியாகச் சுற்றிப் போயிற்று, ஒரு மாசம் கழிந்தபின் கண்டக்டர்கள் அந்தத் திருப்பத்தில் “ஊர்வலம் இறங்கறவங்க வாங்க” என்று குரல் கொடுக்கத் தொடங்கி, பிறகு டிக்கெட்டிலும் அப்படியே அச்சாயிற்று. ரேஷன் கடைக்காரர் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொருவராக விரல் வைக்கச் சொன்னார். பீடி சுற்றுகிற பெண்கள் முறத்தை மடியில் வைத்து இருந்த இடத்திலேயே சுற்றினார்கள். பழைய சேலைகளை நாலு பக்கமும் கட்டி மறைப்புச் செய்து, முறை வைத்துக் குளிப்பதும் மற்றதும் நடந்தன. ‘பிரசவ அறையைத் திற’ என்று எழுதிய பெரிய துணிப் பதாகையை நாலு கம்பில் உயர்த்திக் கட்டி மேற்கூரை ஆக்கினார்கள். பகல் நேரத்தில் அந்த எழுத்துகளின் நிழல் அவர்கள் தலையிலும் தோளிலும் ஊர்ந்துகொண்டிருக்கும், சாயங்காலம் ஆனால் பேராச்சியின் வயிற்றின்மேல் வந்து ‘திற’ மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். நிச்சயம் பண்ணியிருந்த ஒரு பையனுக்கு அங்கேயே கல்யாணம் நடந்தது. பெண் கோட்டுக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டினாள், தாலி ஏறியதும் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி மாதிரி தாய்வீட்டுக்கே போய்விட்டாள்.

அந்த முப்பத்தேழு பேரில் பிரசவ அறைக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர் சிவனணைந்தான் ஒருவர்தான். எழுபத்தெட்டு வயது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது, பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுகிறவர், பானகத்துக்காக ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டவர். எனக்கா பிள்ளை பெறணும், நான் எதுக்குவே இங்க நிக்கேன் என்று யாராவது கோட்டுப் பக்கம் வந்தால் கேட்பார். ஆனால் பேராச்சிக்கு மசக்கை வாந்தி வந்தபோதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டது அவர்தான், ஏனென்றால் அவள் பக்கத்தில் ஒட்டி நின்றது அவர் கால்.

ஐயம்பெருமாள் கடையைத் திறப்பதை விட்டான். காலையில் பேராச்சிக்குக் கஞ்சியும் துவையலும் கொடுத்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போவான். தவசிக்கனி கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்து, எப்படியாவது ஒரு சந்து கிடைக்குமா என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள். புது ஊர்வலத்துக்கு மனுப் போட்டால் ஏழு முழு நாள் வேண்டும், அது பரவாயில்லை. பழைய ஊர்வலம் முடிந்தது என்று அறிக்கை வேண்டும், அங்கேதான் சிக்கல்.

“முடிஞ்சுதுன்னு எழுத முடியாது வே, அங்கன நிக்காவ,” என்றார் தவசிக்கனி. “நடக்குதுன்னும் எழுத முடியாது. நடந்தாத்தான நடக்குதுன்னு எழுதலாம்?”

அதற்கு ஒரு மாசம் போயிற்று. கடைசியில் ‘நிலுவை’ என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பினார்கள், மேலே ஒத்துக்கொண்டார்கள். அடுத்தது புறப்படும் இடம். ஊர்வலம் புறப்பட அந்த ஊரில் மூன்று இடங்களுக்குத்தான் அனுமதி: பஸ் ஸ்டாண்ட், நகராட்சித் திடல், தேரடி. இருபத்தாறாம் வீட்டு வாசல் அந்தப் பட்டியலில் இல்லை. முப்பத்தேழு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அங்கிருந்து புறப்பட்டால் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்று டி.எஸ்.பி. அம்மா மெய்யாகவே வருத்தத்தோடு சொன்னார். பதாகை மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மின்வாரியத்தில் ஒரு சான்று, நடுரோட்டில் அடுப்பு எரிகிறது என்று தீயணைப்பு நிலையத்தில் ஒரு சான்று, ரோடு யாருடையது என்று நெடுஞ்சாலைக்கும் நகராட்சிக்கும் ஒரு நடை. எங்கேயும் யாரும் அவனை விரட்டவில்லை. எல்லா ஆபீஸிலும் உட்காரச் சொன்னார்கள், பெண்டாட்டிக்கு எத்தனாவது மாசம் என்று கேட்டார்கள், அவன் சொன்னதும் ஐயோ என்றார்கள், அப்புறம் எந்தத் தாளைக் கொண்டு வர வேண்டும் என்று சொன்னார்கள். ஆறு என்று சொன்னவன் ஏழு என்றான், ஏழு எட்டாயிற்று, ஐப்பசி மழையில் பேராச்சி முட்டிவரை ஓடுகிற தண்ணீரில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாள், கார்த்திகையில் அவளுக்கு அந்த இடத்திலேயே வளைகாப்பு நடந்தது. பிள்ளை பிறப்பதற்குள் ஒரு மணி நேரம் வாங்கிக் கொடுங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவேன் என்பதைத் தவிர அவனிடம் அவள் வேறு எதையும் கேட்டதில்லை. மழை விட்ட ஒரு நாள், அன்றைக்கு மனுவில் ஏன் ஒரு மணி நேரம் என்று போட்டீங்க என்று கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து, துவையலில் உப்பு கூட என்றாள்.

தை பிறந்து டி.எஸ்.பி. அம்மாவுக்கு மாற்றல் வந்தது. போகிறதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். இருபத்தாறாம் வீட்டு வாசலை நாலாவது புறப்படும் இடமாக, ஒரே ஒரு தடவைக்கு மட்டும் என்று போட்டு உத்தரவில் கையெழுத்திட்டார். தை மாதம் மூன்றாம் வெள்ளி, நாலிலிருந்து ஐந்து, முப்பத்தேழு நபர், ஒருவர் கூடினாலும் செல்லாது. அன்றைக்கு நடக்காவிட்டால் உத்தரவு காலாவதி. தவசிக்கனி அதைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். வீதியின் மிச்சம் பதினேழு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, பானகத்தை அன்றைக்குக் காலையிலேயே கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுவது, அது வாசலில் குடித்த மாதிரிதான் என்று முடிவு செய்தார்கள். நூறு வருஷ வழக்கத்தை ஒரு பிள்ளைத்தாச்சிக்காக மாற்றினார்கள் என்று அப்புறம் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

பிள்ளை புதன்கிழமை மத்தியானமே பிறந்துவிட்டது.

நர்ஸ் ஸ்டெல்லா அம்மா வந்து பதாகைக்குக் கீழே சேலை கட்டி மறைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் பிள்ளை, மூன்று கிலோ இருக்கும், நல்ல குரல். துடைத்துத் துணியில் சுற்றி, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்ற ஐயம்பெருமாளிடம் நீட்டினார்கள். கோட்டுக்கு உள்ளே பஞ்சு மாதிரி இருந்த பிள்ளை கோட்டுக்கு நேரே வந்ததும் ஆட்டுரல் மாதிரி கனத்தது. ஸ்டெல்லா அம்மாவின் கை தானாகத் தாழ்ந்தது. அவன் குனிந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான், கடையில் இறுகிப்போன மூடியைத் திருகுகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பிள்ளை வீறிட்டது. உள்ளே எடுத்ததும் மறுபடி பஞ்சாகிப் பேராச்சியின் மாரில் போய்ப் படுத்துக்கொண்டது. ஊர்வலத்துக்குள் பிறந்தது ஊர்வலத்தைச் சேர்ந்தது. அதற்கு விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

அப்போதுதான் எல்லோரும் எண்ணினார்கள். வாய்விட்டு யாரும் எண்ணவில்லை. பீடி சுற்றுகிறவர்கள் சுற்றுவதை நிறுத்தினார்கள், கல்யாணமான பையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். முப்பத்தெட்டு. ஐந்து மாசம் கழித்து ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, அதில் ஒரு தலை கூடிப்போயிற்று, எண்ணை மாற்ற ஏழு நாள் வேண்டும், வெள்ளிக்கு இரண்டே நாள், மாற்றலாகிப் போன அம்மாவின் இடத்துக்கு ஆள் வரவில்லை. பேராச்சியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் பிள்ளையை முந்தானைக்குள் மூடி மூடி வைத்துக்கொண்டாள்.

ஐயம்பெருமாள் கோட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்குப் பார்க்கிறோம் என்று அவனுக்கே முதலில் தெரியவில்லை. அவன் கண் சிவனணைந்தானிடம் வந்ததும் நின்றது. மார்கழிக் குளிரில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை, கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கியிருந்தன. கண் அங்கே நின்றுவிட்டதை உணர்ந்ததும் அவன் அவசரமாக முகத்தைத் திருப்பினான். அதற்குள் கிழவர் பார்த்துவிட்டார்.

“எத்தன பேருக்கு வே உத்தரவு?” என்றார் சிவனணைந்தான்.

“முப்பத்தேழு.”

“இப்ப?”

ஐயம்பெருமாள் பிள்ளை இருந்த பக்கம் திரும்பிக்கொண்டான்.

“என்னைய பாத்துட்டு ஏன் மூஞ்சத் திருப்புதீரு? நான் ஒண்ணும் நெனைக்கல. நானும் எண்ணித்தான் பாத்தேன், நீரு நின்ன எடத்துலதான் எனக்கும் நின்னுது.”

“தாத்தா, அப்படிலாம் பேசாதீங்க,” என்றாள் பேராச்சி.

“நீ புள்ளைக்குப் பால் குடு தாயி. பேச்சு ஆம்பளைங்களுக்குள்ள.”

அன்று ராத்திரிக் கஞ்சியை அவர் வேண்டாம் என்றார், பசி இல்லையாம். வியாழக்கிழமையும் பசி இல்லை. ஐயம்பெருமாள் கோட்டுக்கு வெளியே மண்டியிட்டு, ரெண்டு மடக்கு, ரெண்டே மடக்கு என்று தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெட்கத்தில் கெஞ்சினானா பாசத்தில் கெஞ்சினானா என்று அவனுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பார்க்கலாம் என்றார். அதைச் சொல்லிவிட்டுக் கீழே கிழவரின் காலைப் பார்த்தார், பையை மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் பதினேழு வீட்டுப் பானகமும் வந்தது. கிழவர் கண்ணை மூடியபடியே ஒரு வாய் வாங்கி, இதுக்குத்தான வந்தேன் என்று சிரித்தார். மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார். உயிர் போனதும் இரண்டு காலும் தாரிலிருந்து பூ உதிர்கிற மாதிரி விட்டுக்கொண்டன.

மூன்றரைக்குத் தவசிக்கனி வந்து தலை எண்ணினார். விதிப்படி எண்ணத்தான் வேண்டும். பிள்ளையையும் சேர்த்து முப்பத்தேழு. அவர் டிக் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நகராட்சி வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன், ஆளில்லாத பிணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் நேரே தெற்கே நடந்து போங்கள், எங்கேயும் நிற்காதீர்கள் என்றார். பிறகு அவர் ஐயம்பெருமாளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து பழைய பெஞ்சில் உட்கார வைத்தார். எழுந்திருக்கக் கூடாது.

நாலு மணி ஆயிற்று. மேஜைமேல் வயர்லெஸ் கரகரத்தது. வீதியில் நின்ற கான்ஸ்டபிள் பேசினான். கால் எடுக்குது ஏட்டையா, எல்லாருக்கும் கால் எடுக்குது. ஐயம்பெருமாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தவசிக்கனி, புறப்படச் சொல்லு, புறப்படச் சொல்லு என்றார். அப்புறம் கான்ஸ்டபிள், ஏட்டையா, பதாகைக் கம்பை உருவுறாங்க, பாடை கட்டுறாங்க என்றான். நாலு பத்துக்கு, தூக்கிட்டாங்க என்றான். நாலே கால் ஆகும்போது அவன் குரல் தாழ்ந்திருந்தது.

“தெற்க வரல ஏட்டையா. வடக்க திரும்புறாங்க. சுடுகாட்டு ரோட்டுக்கு.”

“யாருலே மொதல்ல திரும்பினது?”

“கைப்பிள்ளக்காரிதான். ஆளில்லாத பிணம்னு யாரு சொன்னா, வண்டியத் திருப்பிக்கிட்டுப் போகச் சொல்லுங்கன்னாங்க. அவங்க திரும்பவும் எல்லாரும் திரும்பிட்டாங்க.”

ஐயம்பெருமாள் பெஞ்சைவிட்டு அரை ஆள் உயரம் எழும்பிவிட்டான்.

“உக்காரும் வே,” என்றார் தவசிக்கனி. அதட்டவில்லை, கெஞ்சுகிற குரல். “வழி மாறினதுக்குக் கேஸ்தான் வரும், கால் நிக்காது. நீர் எந்திரிச்சா நின்னுரும். பாடை தோள்ல இருக்கு. அப்படியே நிக்கணும் அத்தன பேரும். யோசிச்சுக்கிடும்.”

எழுந்தால் அவளை இருபத்தாறாம் வீட்டுக்கு இருபதடி தள்ளி நிறுத்திவிடலாம். உட்கார்ந்தால் அவள் போய்க்கொண்டே இருப்பாள், தாலுகா ஆபீஸைவிட்டு, ரோட்டில் தயாராக நின்ற ஆஸ்பத்திரி வண்டியைவிட்டு, வீட்டைவிட்டுத் தூரமாக. ஐந்து மாசத்தில் முதல் தடவையாக அவன் கையில் ஒரு அதிகாரம் வந்திருந்தது, அது உட்காருவதா எழுவதா என்பது மட்டும்தான். அந்தக் கிழவரின்மேல் தன் கண் போய் நின்றது அவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் உட்கார்ந்தான். பெஞ்சின் விளிம்பை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் வழியாகக் கொட்டுச் சத்தம் கேட்டது, யாரோ ஊர்க்காரர்கள் ஊர்வலத்தில் சேராமல் தள்ளி நடந்து தப்பு மேளம் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், முதலில் பக்கத்தில் கேட்டது, அப்புறம் வடக்கே போகப் போகக் குறைந்தது, அப்புறம் காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும் கேட்டது. அவ்வளவு நேரமும் அவன் அசையவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது அந்த ஊரில் வழக்கம் இல்லை. முச்சந்தி வரை வந்து, அங்கே நின்று, பாடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவர்கள் கும்பிட்டுக் கையை இறக்குவதற்கும் ஐந்து மணி ஆவதற்கும் சரியாக இருந்தது. ஆண்கள் அந்த நேரத்துக்குள் ஆத்தங்கரைச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சிதை அடுக்கி, தீ வைத்து முடித்திருந்தார்கள். எண்ணிக்கையைக் கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாகச் சொன்னான். முச்சந்தியில் பதினாலு பொம்பளைங்க, ஒரு பிள்ளை. சுடுகாட்டில் இருபத்திரண்டு ஆம்பளைங்க. யாராலும் கால் எடுக்க முடியல.

தவசிக்கனி விதிப் புத்தகத்தைத் திறக்கப் போய், திறக்காமல் மூடினார். இடம் இரண்டானால் ஊர்வலம் இரண்டு. ஊர்வலம் இரண்டானால் மனுவும் இரண்டு. அலமாரியிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து, தூசியை ஊதி, ஆண்கள் படிவத்தைத் தாமே எழுதிக்கொள்வதாகச் சொல்லி, பெண்கள் படிவத்தை ஐயம்பெருமாளிடம் கொடுத்தார். முச்சந்தியை ஐந்தாவது இடமாகக் கேட்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலே கேட்க வேண்டும், மாவட்டத் தலைமை ஆபீஸுக்கு இந்தத் தடவை போய்த்தான் ஆக வேண்டும் என்றார். ஐயம்பெருமாள் தலையசைத்தான். கலந்துகொள்வோர் பெயர்ப் பட்டியலில் பேராச்சி என்று முதலில் எழுதினான், மற்ற பதிமூன்று பேரையும் பார்க்காமலே எழுதினான், பதினைந்தாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“புள்ளைக்கு என்ன பேரு?” என்றார் தவசிக்கனி.

வைக்கவில்லை என்றான். பெயர் இல்லாமல் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்று அவர் வயர்லெஸ்ஸை எடுத்து, முச்சந்தியில் இருக்கிற கான்ஸ்டபிளைக் கேட்டு வரச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

“கேட்டுட்டேன் ஏட்டையா. பேரை வீட்டுக்கு வந்து வச்சுக்கிடலாம்னு சொல்லச் சொன்னாங்க.”

தவசிக்கனி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் மனு செல்லாது என்று படிவத்தின் அடியில் அச்சடித்திருந்ததை இரண்டு பேரும் வாசித்தார்கள்.